ராகி பரப்பிய பாதி ரோடு

"எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான் சொல்வேன்."

பெங்களூர் லிங்கராஜபுரத்து வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு என் மனைவி இப்படிச் சொன்னபோது இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. ஏதோ கைக்குழந்தையை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவதுபோலப் பேசினாள். கூட வந்த மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவளுக்குத் தனி சைக்கிள், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. என்னைவிட நன்றாக ஓட்டுவாள். இருந்தாலும் மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. முந்தின நாள் மாலை அதே சைக்கிளில் தெருமுனைக்கு ரொட்டி வாங்கப் போனவள், திரும்பும்போது தெருவின் வலது பக்கமாகவே எதிரில் வந்த ஆட்டோக்களைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறாள். ஆட்டோக்காரர்கள் திட்டியது வீட்டுக்குள் கேட்டது.

மகளுக்கு பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் ஆய்வுக்கூட வேலை. போய் ஆறேழு வருடம் ஆகிறது. அங்கே வண்டிகள் எல்லாம் வலது பக்கம். அங்கே போய்த்தான் சைக்கிள் பித்து பிடித்தது. அவள் சொல்லிச் சொல்லி, ஓய்வு பெறப்போகிற வயதில் எனக்கும் தொற்றிக்கொண்டது. இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு நான் தெருவில் இறங்கினால், எதிர்வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொள்வார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரியும். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோ அனுப்புவாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நீளும் ரோடு, ஒரு சர்ச் கோபுரம், மேய்கிற பசுக்கள். மனிதர்களே இருக்க மாட்டார்கள். பின்னால் ஒரு கார் வந்தால், ஹாரன் அடிக்காமல், தாண்ட இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே ஊர்ந்து வரும். "இவனுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா?" என்பேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போதே, ஒவ்வொரு வளைவிலும் என் உடம்பு தானாக இடது பக்கம் சாயும். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஒரு தடவ வாங்க டாடி, சேர்ந்து ஓட்டலாம்" என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாள். "இங்க இல்லாத ரோடா?" என்று தட்டிக்கழிப்பேன். உண்மையான காரணம் வேறு. நான் அங்கே போய் அந்த ஊரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அவள் அங்கேயே தங்கிவிடுவாள் என்று எனக்கு ஒரு பயம்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த அவளிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி வைத்திருந்தேன். பெங்களூரிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவள் படிப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். திரும்பி வந்துவிடுகிறாயா? இதுதான் கேள்வி. வீட்டில் கேட்டால் சண்டையாகும். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருப்பவளால் சண்டை போட முடியாது என்பது என் கணக்கு.

ஹென்னூர் ரோட்டில் பயமில்லை. அந்த நேரத்திலும் டேங்கர் லாரி, பால் வண்டி, கம்பெனி பஸ் என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் போகிற பக்கம் அவளும் போனாள். பாகலூர் தாண்டி கிராமத்து ரோட்டுக்குள் திரும்பியதும்தான் எனக்குப் பயம் ஆரம்பித்தது. பனி கொஞ்சம் இருந்தது. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள், அறுத்த ராகி வயல்கள், தைல மரங்கள். ரோட்டில் ஈ காக்கை இல்லை.

"டாடி, அப்படியே அங்க மாதிரியே இருக்கு!" என்றாள் மகள், சந்தோஷமாக.

அதுதானே ஆபத்து. எது எந்தப் பக்கம் என்று நினைவூட்ட எதிரில் ஒரு வண்டிகூட இல்லை. முதல் முச்சந்தியில் வலது பக்கம் திரும்பினாள், அப்படியே வலது ஓரத்திலேயே போனாள். "லெஃப்ட்!" என்று கத்தினேன். வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்க நின்று மறுபடி ஏறியதும் மறுபடி வலது ஓரம். மறுபடி கத்தினேன். அதன்பிறகு அவள் சரியாகப் போகும்போதும் முன்கூட்டியே கத்த ஆரம்பித்துவிட்டேன். வளைவுக்கு ஒரு லெஃப்ட், பாலத்துக்கு ஒரு லெஃப்ட். என் தொண்டை வறண்டுபோனது. முன்னால் அவள் தோள்கள் இறுகுவதைப் பார்த்தேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

ஒரு கிராமத்து ஹோட்டலில் தட்டு இட்லி சாப்பிட நிறுத்தினோம். சட்னியைத் தொட்டுக்கொண்டே, இப்போது கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"டாடி, இனிமே ஒரு தடவகூட லெஃப்ட்னு சொல்லாதீங்க. ரோட்டப் பார்த்து எனக்குப் பயமில்ல. நீங்க கத்துறதுதான் பயமா இருக்கு. எப்பக் கத்துவீங்களோன்னு முதுகுலயே நெனப்பு இருக்கு."

"நீ ஒழுங்காப் போனா நான் ஏம்மா கத்தப்போறேன்?"

"அங்க நான் தனியா எவ்வளவு தூரம் ஓட்டுறேன் தெரியுமா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "சரிம்மா. வாயத் தெச்சுக்கறேன்." தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனேன். கேட்க வந்த கேள்வி கேட்கப்படாமல் இட்லியோடு உள்ளே போயிற்று.

திரும்பும் வழியில் வெயில் ஏறியிருந்தது. ஒரு ஊர் எல்லையில் ரோட்டின் இடது பாதி முழுக்க அறுத்த ராகியைப் பரப்பியிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் இது வழக்கம்தான். போகிற வருகிற வண்டிகள் மேலே ஏறி மிதித்தால் கதிரிலிருந்து ராகி தானாக உதிரும். வண்டிக்காரனுக்கும் நஷ்டமில்லை. மெல்லிய டயர் சைக்கிளுக்கு மட்டும் அது எமன். வைக்கோல் கியருக்குள் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். அதனால் இரண்டு பேரும் வலது பாதிக்கு மாறினோம். அவள் முன்னால், நான் கொஞ்சம் பின்னால்.

ராகி முடிந்தது. நான் இடது பக்கம் வந்துவிட்டேன். அவள் வரவில்லை. வலது ஓரத்தில், கைகளைத் தளர்த்தி, தலையைத் தூக்கி, வீடியோவில் போவதுபோலவே போய்க்கொண்டிருந்தாள். முன்னால் திராட்சைப் பந்தலை ஒட்டி ரோடு வளைந்தது. அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது.

வாயைத் தைத்ததெல்லாம் பறந்துவிட்டது. "லெஃப்ட்!" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் உயர்த்தி, போதும் என்பதுபோல அசைத்தாள். காலையிலிருந்து நான் வீணாகக் கத்திய அத்தனை லெஃப்ட்டோடு இதையும் சேர்த்துவிட்டாள்.

அப்போது வளைவிலிருந்து டெம்போ வந்தது.

காய்கறிக் கூடைகள் அடுக்கிய டெம்போ. நல்ல வேகம். தன்னுடைய இடது ஓரத்தில், அதாவது நேராக அவளை நோக்கி வந்தது. எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தது. அவள் இடது பக்கம் வந்தால் டெம்போவின் குறுக்கே வர வேண்டும். டிரைவர் ஒதுங்க நினைத்தால் அவனுக்கு வலது பக்கம் நான் இருக்கிறேன், சரியான பக்கத்தில், அவன் வழியை அடைத்துக்கொண்டு. மிச்சம் அவள் போகிற ஓரத்து மண் ஒன்றுதான். அவனும் அங்கேதான் ஒதுங்குவான், அவளும் அங்கேதான் ஒதுங்குவாள். இரண்டு பேருக்கும் அது அவரவர் பழகிய பக்கம்.

இன்னொரு லெஃப்ட் என் வாய்வரை வந்துவிட்டது. அதை எப்படி விழுங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ரைட்டு! ரைட்டு! வயலுக்குள்ள எறங்கு!"

கத்திக்கொண்டே நான் என் பக்கம் சைக்கிளை ரோட்டிலிருந்து கீழே விட்டேன். முன்சக்கரம் மண்ணில் புதைய, முழங்கையைக் குத்தி விழுந்தேன். தலையைத் தூக்கினால் டெம்போதான் தெரிந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில், நட்ட நடு ரோட்டில், கூடைகள் குலுங்க, தகர உடம்பு போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் கேட்கவில்லை. ஆண்டவரே, என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

டெம்போ கடந்தது. ரோட்டுக்கு அப்பால், ராகி அறுத்த தாளில், சைக்கிள் ஒரு பக்கம் கிடக்க, மகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மேலெல்லாம் மண். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

பிரேக் அடித்து நிறுத்திய டிரைவர் இறங்கி ஓடி வந்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "ஏன் சார், ரோடு நிம்மப்பந்தா?" என்று கன்னடத்தில் என் அப்பனை இழுத்தான்.

"தப்பாய்த்து அண்ணா" என்றேன். "நம்ம மகளு. ஊரிகே ஹொசபளு."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஊருக்குப் புதிது. லிங்கராஜபுரத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே ஞானஸ்நானம் வாங்கியவளை, ஊருக்குப் புதிது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவள் எழுந்து மண்ணைத் தட்டியபடி, "சாரி அண்ணா, நந்தே தப்பு. பேஜார் மாட்கோபேடி" என்று சுத்தமான பெங்களூர்க் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டாள். டிரைவர் என்னை ஒரு புளுகனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனான்.

வயல் வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் முழங்காலில் தோல் வழன்றிருந்தது. என் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன்.

"அங்க ஓட்டும்போது எந்தப் பக்கம்னு யோசிக்கறதே இல்ல டாடி. உடம்பே போயிடும்."

"தெரியுது."

"நீங்க என்ன கேக்க வந்தீங்கன்னு மம்மி நேத்தே சொல்லிட்டாங்க." தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாள். "நான் வரலன்னு சொன்னா கோவப்படுவீங்களா?"

கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதை அவளிடம் மறைக்கவும் இல்லை. கொஞ்சம் முன்னால், அந்த டெம்போ போகிற வரைக்கும், எனக்கு அவள் உயிரோடு எழுந்து உட்கார்ந்தால் போதும், எந்த ஊரில் உட்கார்ந்தால் என்ன என்று இருந்தது. அதற்குள் மறந்துவிட்டு அந்த ஊர் வேண்டாம் இந்த ஊர் வா என்று பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

"நான் வரேன்" என்றேன். "வெயில் காலத்துல டிக்கெட் போடு. அங்க நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. நான் லெஃப்ட்ல போனா ரைட்டு ரைட்டுன்னு கத்து."

"அங்க யாரும் அப்படிக் கத்த மாட்டாங்க டாடி."

"நீ கத்து."

சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு சைக்கிளையும் ரோட்டுக்கு ஏற்றினோம். நான் முன்னால் போனேன். என் தடத்திலேயே வந்தால் அவள் பக்கம் மாற மாட்டாள் என்பதற்காக. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "லெஃப்ட்."

குனிந்து பார்த்தேன். நான் இடது பக்கம்தான் இருந்தேன். சற்றுப் பொறுத்து மறுபடியும், முன்னதைவிட மெதுவாக, "லெஃப்ட்."

அவள் என்னிடம் சொல்லவில்லை. ஹென்னூர் ரோடு வருகிறவரை அவள் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.