சஃபீனாவின் வேனில் கேட்கக்கூடாத கேள்வி

சின்னப் பிள்ளைகளைக் கண்டால் நாம் எல்லோரும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?” பெயர் கேட்போம், வகுப்பு கேட்போம், மூன்றாவதாக இது. என்ன பதில் வந்தாலும் சிரிப்போம். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்காக ஒருத்தி பள்ளிக்கூட வேனை நடுரோட்டில் நிறுத்திவிட்டு என்னை ஏசுவாள் என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஒருத்தி சஃபீனா. முப்பத்தைந்து வயது. தேவ்நாரில் ஓர் அறையும் அடுக்களையுமான வீட்டில் புருஷன், மகன், தாயார் சாயிராவோடு இருக்கிறாள். செம்பூர்ப் பக்கம் பதினாலு பிள்ளைகளை ஏற்றிப் பள்ளியில் விட்டு, மதியம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. பதினாலில் ஒன்று என் மகள். நான் மாலதி, செம்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்கு வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மௌசி வரவில்லை என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். போனோமா, பிள்ளைகளைப் பிடித்து உட்கார்ந்தோமா என்று இல்லாமல், பக்கத்திலிருந்த பொடியனிடம் வாயைக் கொடுத்தேன்.

“எக்கா, அந்தக் கேள்வி என் வண்டியில வேணாம்.”

“சும்மாதானம்மா கேட்டேன்.”

“சும்மாகூட வேணாம். கேக்கணும்னா எறங்கி ஆட்டோ புடிச்சுப் போங்க.”

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பதினாலு பிள்ளைகளும் என்னையே பார்க்கின்றன. எனக்குக் கோபம் வந்தது என்பது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிற நேரத்தில் கோபம் போய்விட்டது, ஏன் என்கிற கேள்விதான் மிச்சம் இருந்தது. என் குணம் அப்படி. அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்காதே என்று என் புருஷன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அவரிடமிருந்தே முதல் தகவல் கிடைத்தது. “அது வாஹித் பாய் வீட்டுப் பிள்ளை இல்லையா? தாராவியில் பெரிய கை” என்றார். நான் பிறந்து வளர்ந்ததும் தாராவிதான். தோல் பை, பர்ஸ், பெல்ட் என்று துபாய் வரைக்கும் சரக்கு அனுப்பிய அப்துல் வாஹித் பாயின் மூன்றடுக்குக் கட்டடத்தை எனக்கும் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போய்ச் சுடலைக்கண்ணன் அண்ணாச்சியைப் பிடித்தேன். அந்த வீட்டுப் பட்டறையில் இருபது வருஷம் தோல் வெட்டியவர். கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார்.

வாஹித் பாய் மூத்தவர், பீர்முகம்மது இளையவர். கீழே பட்டறை, முதல் மாடியில் அண்ணன், இரண்டாம் மாடியில் தம்பி. மூத்தவருக்கும் மனைவி சைனபுக்கும் பதினோரு வருஷமாகக் குழந்தை இல்லை. தம்பி மனைவி சாயிராவுக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும், அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சைனப் மடியில் போட்டார்கள். அதுதான் சஃபீனா. பெற்றவர்களை வாப்பா, உம்மா என்றும், வளர்த்தவர்களைப் பெரியவாப்பா, பெரியம்மா என்றும் கூப்பிடும். முதல் மாடியில் தூங்கும், இரண்டாம் மாடியில் விளையாடும். ஆறு வயது வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு ரோட்டோரத்து ஷோரூம் யாருக்கு என்று சகோதரர்களுக்குள் தகராறு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். “மேல போனா மேல ஒரு கதை சொல்லுவாவ, கீழ வந்தா கீழ ஒரு கதை சொல்லுவாவ” என்றார். தம்பி முதலில் கேட்டது பங்கை அல்ல, பிள்ளையை. மடியில் போட்டதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எந்த ஊரில் உண்டு? அண்ணன் தரமாட்டேன் என்றார். மூன்று வருஷம் இழுபறி. பள்ளிக்கூடம் விட்டால் இரண்டு கார் வந்து நிற்குமாம், இரண்டு டிரைவர். அவர்கள் பேசித் தீர்க்கிற வரைக்கும் பிள்ளை வாட்ச்மேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்குமாம். பெருநாளைக்கு இரண்டு மாடியிலிருந்தும் புதுத்துணி வரும். ஒரு வருஷம் பிள்ளை கீழ் வீட்டுச் சட்டையைப் போட்டு, அதன்மீது மேல் வீட்டுச் சட்டையையும் போட்டுக்கொண்டு திரிந்து, புழுக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டது. அண்ணாச்சி இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் விஷயம் ஜமாஅத்துக்குப் போனது. பள்ளிவாசல் மாடியில் ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, யார் வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார்கள்.

“அதுக்கு மொத நாளு பீர்முகம்மது ஒரு செவப்புச் சைக்கிள வாங்கிக் கீழ வாசல்ல நிறுத்திட்டாரு. புள்ள பாத்துச்சு. மறுநாளு ‘வாப்பா வீட்ல இருக்கேன்’னு சொல்லிட்டு. பெரியவங்கல்லாம் சிரிச்சாவ, சைக்கிளு செயிச்சிட்டுன்னு. வாஹித் பாய் எந்திரிச்சுப் போனாரு. ஒரு மாசத்துல பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டுக் காட்கோபர் போயிட்டாரு. அப்புறம் அந்தப் புள்ள மொகத்துல முழிக்கல.”

ஷோரூம் கேஸ் பன்னிரண்டு வருஷம் நடந்து, இரண்டு பேரையும் கரைத்துவிட்டது. கட்டடமும் கைமாறியது. தம்பி மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோனார். அண்ணாச்சி இதைச் சொல்லி முடித்துவிட்டு, “என்ன இருந்தாலும் வளத்தவனச் சைக்கிளுக்கு வித்துட்டுல்லா அந்தப் புள்ள” என்றார். ஒன்பது வயதைப் பார்த்து இந்தப் பேச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் அப்படித்தானோ என்று உள்ளே ஒரு சந்தேகம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அடுத்த மாதம் சஃபீனா வேன் பர்மிட் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். தாள் வெளியே வருகிற வரைக்கும்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. தாராவிக்குப் போனதை உடைத்துச் சொல்லிவிட்டேன். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“சைக்கிள் கதையச் சொன்னாரா?”

“சொன்னார். அந்தச் சைக்கிளை ஓட்டினியா நீ?”

“ஓட்டாம? செமயா ஓட்டுனேன். புள்ளதானக்கா நான்.”

எனக்கு அவளை அப்போதுதான் பிடித்துப்போனது. அந்த இரண்டு கார் சண்டையால்தான் பள்ளிக்கூட வேன் எடுத்தாயா என்றும் கேட்டுவைத்தேன். “அரே, அதெல்லாம் இல்ல. லைசன்ஸ் இருந்துச்சு, வண்டிக்கு லோன் கெடச்சுச்சு, அவ்ளோதான்” என்று கையை உதறினாள். பிறகு தானாகவே சொன்னாள்.

“வாப்பா உம்மாவ அடிப்பாங்க. எனக்கு அது சின்ன வயசுலயே தெரியும். கீழ்வீட்ல கேக்கும். கேட்டவொடன பெரியவாப்பா படியில நின்னு ஒரு இருமல் இருமுவாங்க. சும்மா, தொண்டயச் செருமுற மாதிரி. மேல சத்தம் நின்னுரும். சண்டைக்கப்புறம் அவுக இருமுறதில்ல. என் வீட்டு விசயத்துக்கு இரும அவரு யாருன்னு வாப்பா கத்திட்டாங்க ஒரு நாளு. நான் ரூம்ல இருந்தா மட்டும் வாப்பா கை நீட்ட மாட்டாங்க. அதையும் பாத்து வச்சிருந்தேன்.”

“அதனாலயா?”

“பெரியவாப்பா பேரச் சொன்னா உம்மாதான் சொல்லிக்கொடுத்துட்டான்னு அன்னைக்கே அடி விழும். வாப்பா பேரச் சொன்னா யாருக்கும் அடி விழாது. பெரியவாப்பா பெரியம்மா மேல ஒருநாளும் கை வச்சதில்ல. நான் கணக்குப் போட்டேன்க்கா.”

“நீ மேலே போன பிறகு அடி நின்னுச்சா?”

“பாதி நாளு” என்றாள்.

ஜெராக்ஸ் மிஷின் முடித்துவிட்டு நின்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. தாயார் சாயிராவுக்கு இது தெரியாதாம். தன்னைத் தேடி மகள் வந்தாள் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாராம். “அது அப்படியே இருக்கட்டும்” என்றாள். இதை எழுதலாமா என்று பிறகு கேட்டபோது, “எழுதிக்கோங்க. எங்க வீட்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?” என்று சிரித்தாள்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பெரியவாப்பாவுக்கும் அந்தக் கதை சைக்கிள் கதையாகத்தான் தெரியும். கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினாள், பிரிக்காமல் திரும்பி வந்தது. சைனப் பெரியம்மா போன வருஷம் இறந்ததே, மய்யித்தை அடக்கி நான்கு நாள் கழித்துத்தான் இவளுக்குத் தெரிந்தது. இப்போது அவருக்குச் சர்க்கரையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், வயது எழுபத்தெட்டு. இன்னும் எத்தனை நாள் என்று சொல்வதற்கில்லை. அதற்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு போய்க் கதவைத் தட்டுவது?

“நான் கூட வரேன். விரட்டினா ரெண்டு பேரையும் சேர்த்து விரட்டட்டும்” என்றேன். உதவி செய்கிற எண்ணம் பாதி, அந்த மனிதரைப் பார்க்கிற ஆவல் பாதி.

அடுத்த ஞாயிறு வேனிலேயே காட்கோபர் போனோம். மூன்றாம் மாடி. கதவைத் திறந்த வேலைக்காரப் பெண் பெயரைக் கேட்டு உள்ளே போய்ச் சொன்னாள். சஃபீனா துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து, “வரச் சொல்லு” என்று ஒரு குரல் கேட்டது.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார் அப்துல் வாஹித் பாய். நான் சின்ன வயதில் பார்த்த ஆஜானுபாகுவான மனிதர் இல்லை. சலாம் சொன்னாள், பதில் சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிள்ளை எத்தனை என்று கேட்டார். பிறகு பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டு, “வேன் ஓட்டுதியாமே. சைக்கிள்ல பழகுன கைல்லா” என்றார்.

இருபத்தாறு வருஷத்துக் கோபம் அந்த ஒரு வரியில் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். சஃபீனா என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னாள். படியில் அவர் இருமியது, இருமல் நின்றது, அவள் அறையில் இருந்தால் அடி விழாதது, பள்ளிவாசல் மாடியில் அவள் போட்ட கணக்கு. ஒன்பது வயதுப் பிள்ளை ஒப்பிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள்.

முடித்ததும், “இத ஒம் பெரியம்மாட்ட வந்து சொல்லிருக்கலாமேட்டி” என்றார். “நாமளும் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கணும்னு சாவுற வரைக்கும் என்ன ஏசுனா அவ.”

“நீங்கதான் கதவத் தொறக்கலியே பெரியவாப்பா.”

“ஆமா” என்றார் அவர். “தொறக்கல.”

வேலைக்காரப் பெண் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். யாரும் எடுக்கவில்லை. அவர் வெட்டுப்பட்ட காலின் மேல் கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே, எதையோ மனசுக்குள் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்பம், நானும் கை நீட்டுறவனா இருந்திருந்தா நீ எங்கூடத்தான் இருந்திருப்ப. அப்படித்தானா?”

பொய் சொல்லிவிடு பெண்ணே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். வயதான மனிதர், ஒரு சமாதானப் பேச்சில் என்ன குறைந்துவிடப் போகிறது?

“ஆமா பெரியவாப்பா” என்றாள் சஃபீனா. சொல்லிவிட்டு அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

“சரி, போவட்டும்” என்றார். “நான் அப்படி ஒருநாளும் இருக்கலியே.”