கால் தாரும் என்று கேட்டேன்

என் இடுப்பில் ஒரு தகடு இருக்கிறது. அது வந்த விதத்தையும், அதனோடு வந்த வலிக் குளிசையிலிருந்து ஆண்டவர் என்னை மீட்டதையும் சொல்ல நிற்கிறேன். இது அழகான சாட்சி அல்ல. பொறுத்துக் கேளுங்கள்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணி. சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு, என் கணவர் தேவராசாவுக்கும் அவருடைய தம்பி அருள்ராசாவுக்கும் சேர்த்து நிவாரணமாக ஒரு வள்ளம் கிடைத்தது. கொஞ்சக் காலத்திலேயே ஷெல்லடி தொடங்கியது. சனம் வாவியைக் கடந்து ஓடியது. நாங்கள் கரைக்குப் போனபோது அருள்ராசா நெல் மூட்டைகளையும் தையல் மெசினையும் ஏற்றிவிட்டு எஞ்சின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

"இடமில்லை அண்ணன். இறக்கிப்போட்டு வாறன், நில்லுங்க" என்றான்.

நின்றோம். அவன் வரவில்லை. கரையில் விழுந்த ஷெல்லில் என் கணவர் அந்த இடத்திலேயே போனார். என் இடுப்பு நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்து தகடு வைத்தார்கள். வலிக்கு மோர்பின் குளிசை தந்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன்; அந்த நாட்களில் அது இல்லாவிட்டால் தாங்கியிருக்கமாட்டேன். ஆனால் புண் ஆறிய பிறகும் என்னால் குளிசையை விட முடியவில்லை. போட்டால் வலி போகும், அருள்ராசாவின் முகமும் போகும். தீர்ந்தால் இரண்டும் சேர்ந்து வரும். சொன்ன அளவுக்கு மேலே விழுங்கினேன். அகதி முகாமில் பாயில் கிடந்தபடி, "ஆண்டவரே, அவனுடைய எலும்பையும் முறியும்" என்று ஜெபித்தேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

கிளினிக்கில் டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "மெல்ல மெல்லக் குறைப்பம். ஒரேயடியா விட்டா உடம்பு தாங்காது" என்றார். பக்கத்தில் நின்ற நேர்ஸ், "குளிசையை விட்டு எழும்பினா என்ன செய்ய ஆசை?" என்று கேட்டா.

"ஒருத்தன்ட வீட்டு வாசலுக்கு நடந்து போகணும்."

"அப்ப அதுக்காக நடங்க" என்றா.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. "கால் தாரும். அவன் கண்ணைப் பார்த்துக் கேட்கக் கால் தாரும்." ஒவ்வொரு முறை அளவைக் குறைத்தபோதும் வியர்த்தது, நடுங்கினேன், வயிறு கலக்கியது. நேரம் தவறாமல் பரசிட்டமோல், சுடுநீர் ஒத்தடம், நேர்ஸ் காட்டித் தந்த பயிற்சி. கோபத்தில்தான் அடியெடுத்து வைத்தேன். இப்படி ஜெபிக்கக்கூடாது என்று சபையில் ஒரு அக்கா சொன்னா. நெஞ்சில் இருப்பதை மறைத்து ஆண்டவரிடம் வேறென்ன பேச?

போர் முடிந்த வருடம் கடைசிக் குளிசையும் நின்றது. பொல்லை ஊன்றிக்கொண்டு போனேன். அருள்ராசா முற்றத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"மச்சாள்..."

"நெல்லுக்கு இடம் இருந்தது. உன்ட அண்ணனுக்கு இருக்கல்ல."

அவன் மனைவி வெளியே வந்தா. "எஞ்சின் பழுதாப் போச்சு எண்டுதானே எனக்குச் சொன்னீங்க?"

அவன் நிலத்தைப் பார்த்தான். நான் நகரவில்லை. இடுப்பு கொதித்தது. ஆனாலும் நின்றேன்.

"பயத்தில திரும்பி வரல்ல மச்சாள். எஞ்சினுக்கு ஒண்டும் நடக்கல்ல" என்றான். மனைவி கேட்கவே சொன்னான். எனக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பரசிட்டமோலைப் போட்டுப் படுத்தேன். மற்றக் குளிசையை மனம் தேடவில்லை. மழைக்காலத்தில் இன்றும் நோகும். அது தாங்கக்கூடிய நோ.

அவனை மன்னித்தாயா என்று கேட்கிறார்கள். இன்னும் இல்லை. ஆனால் அவன் எலும்பு முறிய வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்த வழக்கு இப்போது ஆண்டவர் கையில்.

வலியோடும் குளிசையோடும் இருக்கிறவர்களே, நீங்களாக அதை நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள். ஆண்டவரிடமும் சொல்லுங்கள், உங்கள் வெறுப்பையும் சேர்த்து. அவர் முகம் சுளிக்கமாட்டார். என்னிடம் சுளிக்கவில்லை.