மூடி மாட்டும் கொக்கி

நொபுயோ அக்காவைக் கெடுத்தவள் மசுவே என்கிற நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

ஒசாகாவில் பட்டறைகள் நெருக்கியடிக்கும் எங்கள் சந்தில் அவள் அடுத்த வீட்டுக்காரி. ஞாயிறுதோறும் கண்டுபிடிப்பாளர் சங்கத்துக்குப் போவாள். அங்கே பாதிப் பேர் அடுப்படிப் பெண்கள். ஒருத்தி செய்த சோப்புத் தட்டைப் பார்த்து இன்னொருத்திக்கு வேறொன்று தோன்றும். சங்கத்துக்கு ஒரே விதி: காப்புரிமைப் பதிவுக்கு மனுப் போட்ட பிறகுதான் பொருளை வெளியே காட்டலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே அக்காதான்.

மேசை விளிம்பில் குடை தொங்குவதைப் பார்த்து அவளுக்கு வந்த யோசனை அந்தக் கொக்கி. பானை விளிம்பில் மாட்டி, அதில் மூடியைத் தொங்கவிட்டால் தண்ணீர் பானைக்குள்ளேயே சொட்டும். ஸ்பிரிங் பட்டறையில் வேலை பார்த்த அவள் கணவர் தொகுசோ கம்பியை வளைத்துக் கொடுத்தார். வயிற்றில் கட்டி வந்து படுத்த பிறகும் வளைத்தார். நாற்பத்து மூன்று செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் ஊரில் சாவு வீட்டில் பணம் வைத்தவர்களுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் கழிந்ததும் பதிலுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும். எல்லோரும் தேயிலையோ துண்டோ அனுப்புவார்கள். அக்கா கொக்கிகளை அனுப்பினாள்.

"அவர் கையால செஞ்சது மசுவே. வேற எதக் குடுத்தாலும் எனக்கு மனசு ஆறாது."

விதி அவள் நினைவிலேயே இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான் மனுப் போட்டாள்.

"எங்க ரெண்டு பேர் பேரும் பதிவேட்டுல ஏறணும். புள்ள குட்டி இல்ல. அவர் இருந்தாருங்கறதுக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

அடுத்த வருடம் ஒரு பாத்திரக் கம்பெனிக்காரர் கேக் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"இந்தக் கொக்கி பக்கத்து வீட்டம்மா செஞ்சதுதானேம்மா?"

"பின்ன யாரு செஞ்சா? ஆதாரமே இருக்கு."

பொருள் சுற்றி வரும் காகிதத்தை மடித்து வைப்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அக்காவின் கொக்கி சுற்றி வந்ததை அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். தொகுசோவின் பெயர், அனுப்பிய தேதி, எல்லாம் அதில் இருந்தன. இன்ன நாளில் அது என் கைக்கு வந்தது என்று கம்பெனிக்காரர் எழுதிக் கொடுத்ததில், கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையும் குத்தினேன். அக்காவுக்குச் சாட்சி சொல்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

கம்பெனி அதையே காட்டி அக்காவின் மனுவை எதிர்த்தது. மனுவுக்கு முன்பே பொருள் ஊரில் புழங்கிவிட்டதாம். அதனால் அது யாருக்கும் சொந்தமில்லையாம். மனு தள்ளுபடி. அந்தக் கம்பெனியே இப்போது ஐந்து நிறத்தில் விற்கிறது.

தீர்ப்பின் நகலோடு அக்கா வந்தாள். கடைசிப் பக்கத்தில் என் முத்திரை.

"உனக்கு நல்லது செய்யறேன்னு நெனச்சேன்க்கா," என்று அழுதேன்.

"தெரியும். நாப்பத்து மூணு பேருக்குக் குடுத்தேன். நீ இல்லன்னா வேற யாராவது காட்டியிருப்பாங்க."

முத்திரையின் மேல் விரலை வைத்தாள்.

"ஆனா காட்டினது நீ."

திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு அவள் சங்கத்துப் பக்கமே போகவில்லை. போன மாதம், மனசு கேட்காமல், புதிதாக ஏதாவது தோன்றியதா என்று கேட்டேன்.

"நெறைய தோணுது மசுவே," என்றாள். "எல்லாம் என்னோடவே எரிஞ்சு போகட்டும்."