லுங்கிக்கு மேல் கட்டிய கவசம்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் பம்பாயில், தாராவியில், ஒற்றை அறையில் குடியிருந்தோம். மழைக்காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அந்தச் சமயம்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை குவியும். மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வீடுகள் மேலும் ரோட்டின் மேலும் சாய்ந்து நிற்கிற மரங்களை, மழைக்கு முன்னால் கழித்துக் கொடுக்கிற வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நாலு பேர் கூட்டாகச் செய்தார்கள். நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தோல் பை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நாலு பேரும் சேர்ந்து ஒரு மெஷின் ரம்பம் வாங்கினார்கள். உடைத்த கப்பல்களிலிருந்து வரும் சாமான்களை விற்கிற கடையில் கிடைத்தது. பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்துவிட்டால், உடம்பெல்லாம் பல்லாக ஒரு சங்கிலி அதில் சுற்றும். கோடாலி அரை நாள் எடுத்துக்கொள்கிற கிளையை, டீ ஆறுவதற்குள் அறுத்துத் தள்ளிவிடும். முதல் நாள் இவர் அதைத் தோளில் வைத்து எங்கள் சந்துக்குள் வந்ததைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாணத்தில்கூட அந்த மிடுக்கு இல்லை.

மெஷினின் பக்கவாட்டில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த எழுத்து எந்தப் பாஷை என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் படம் தெளிவாக இருந்தது. ஓர் ஆள் அந்த ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தலையில் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, கையில் உறை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தடிமனாக என்னவோ, காலில் பூட்ஸ். இதெல்லாம் நீங்களும் போட வேண்டாமா என்று கேட்டேன். நாலு பேரும் சிரித்தார்கள்.

"ஏட்டி, அது வெள்ளக்காரனுக்குக் குளிருதுன்னு போட்டிருக்கான். அவன் ஊர்ல பனி பெய்யும். இங்கன வேர்த்து ஊத்துது, நமக்கு எதுக்கு?" என்றார் இவர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்கள். மடித்துக் கட்டின லுங்கி, ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு. இந்தக் கோலத்தில்தான் அந்தப் பல்லுச் சங்கிலியோடு மல்லுக்கு நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் வேலை. சாப்பாடு கொண்டு போனவள் அப்படியே நின்று பார்த்தேன். ஓடுகிற சங்கிலிக்கும் இவர் தொடைக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. அப்போதுதான் அது நடந்தது. கிளை தடாலென்று விழாமல் இருக்க நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். சங்கிலி தவறுதலாகக் கயிற்றில் பட்டது. அவ்வளவுதான், மெஷின் விக்கல் எடுத்த மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. கயிறு நார் நாராகப் பிரிந்து உள்ளே போய், சங்கிலியை இழுக்கிற சக்கரத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. நாலு பேரும் கயிற்றின் வம்சத்தையே திட்டிக்கொண்டு நாரைப் பிடுங்கினார்கள். எனக்கோ சட்டென்று பொறி தட்டியது. அத்தனை பெரிய கிளையை விழுங்குகிற மெஷின், இத்தனூண்டு நாரில் அல்லவா மூச்சு முட்டி நிற்கிறது!

மீதிக் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நாராகப் பிரித்தேன். பை தைத்து மிஞ்சின தோலை இரண்டு அடுக்காக வெட்டி, நடுவில் நாரைப் பரப்பி, தொடையிலிருந்து கணுக்கால் வரை மறைக்கிற மாதிரி தைத்தேன். நெருக்கித் தைப்பதில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம். குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டு இறுக்கிவிட்டேன். தண்டவாளத்து ஓரம் ஒரு கட்டையில் அதைச் சுற்றி, ரம்பத்தை வைத்துப் பாருங்கள் என்றேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கிக் கட்டையையும் அறுத்தது. கூட்டாளிகளில் என்னை மதினி என்று கூப்பிடுகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

நான் விடுவேனா? அறுபட்டதைப் பிரித்துப் பார்த்தேன். தப்பு என் தையலில்தான். இறுக்கிப் பிடித்த நார் எப்படி உருவிக்கொண்டு வரும்? இருந்த இடத்திலேயே அறுந்துவிட்டது. அடுத்ததில் ஓரத்தில் மட்டும் தையல் போட்டேன். நாரை இன்னும் நீளமாக, இன்னும் கனமாக, உள்ளே தளரக் கிடக்கும்படி வைத்தேன். இந்தத் தடவை ரம்பம் தோலைக் கிழித்தது, நாரைக் கவ்வியது, விக்கியது, நின்றது. கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. மதினி என்று கூப்பிடுகிறவரின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இவருக்கென்று புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். ஆனால் கட்டிக்கொள்ள வேண்டியவர் கட்டிக்கொண்டால்தானே? இரண்டு நாள் கட்டினார். "அண்ணே, மதினி ஒட்டகத்துக்குச் சேணம் கட்டுத மாதிரில்லா உனக்குக் கட்டி விட்டிருக்காவ" என்று அந்த மனுஷர் சொன்னதோடு சரி. வேர்க்கிறது, அரிக்கிறது, நடக்க வரவில்லை என்று தினம் ஒரு சாக்கு.

ஒரு நாள் சாயங்காலம் அடித்த காற்றில், செம்பூரில் ஒரு குடியிருப்பின் கேட்டுக்குக் குறுக்கே பெரிய தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் இவர்களைக் கூப்பிட்டார்கள். இவர் அவசர அவசரமாகக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், கவசம் ஆணியிலேயே தொங்குகிறது. மறதி இல்லை. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, கவசத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ் முழுக்க என்னையே பார்த்தது. கண்டக்டர், "யே கியா ஹை பாயி, கோடே கா சாமான்?" என்று கேட்டார். குதிரைக்கு இல்லை, என் வீட்டு மனுஷனுக்கு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

நான் போய்ச் சேரும்போது இவர் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். நேரே போய், அறுக்க வேண்டிய அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கேட்டுக்கு உள்ளே கார்கள் வெளியே வர முடியாமல் நின்றன. அந்தக் குடியிருப்பின் செக்ரட்டரி, மாட்டுங்கா ஐயர்வீட்டுத் தமிழ் பேசுகிற பெரியவர், ஓடி வந்தார்.

"ஏம்மா, மரத்து மேல உக்காந்துண்டு என்ன பண்றே? ஆஃபீஸ் போறவா எல்லாம் காத்துண்டிருக்கா!"

"அவாளை எங்க வீட்டுக்காரர்ட்ட கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எந்திரிட்டி. நாலு பேர் முன்னால மானத்த வாங்காத."

"எந்திரிக்கேன். மொதல்ல இதக் கட்டுங்க. காலு போச்சுன்னா, மானத்த வச்சா நடப்பிய?"

வாட்ச்மேன் சிரித்தான். பால்கனிகளிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். இவர் முகம் கன்றிப்போனது. வேறு வழியில்லாமல், வாங்கிய வேகத்தில் லுங்கிக்கு மேல் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்து போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். வீட்டுக்குப் போயிருக்கலாம், ஆனால் என் தலை மறைந்ததும் இவர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார் என்று எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நேரத்தில், தரையோடு அழுந்தி வளைந்து கிடந்த ஒரு கிளையில் ரம்பத்தை வைத்தார். பாதி அறுபட்டதும் கிளை விடுபட்டுத் துள்ளியது. துள்ளின வேகத்தில் மெஷினைத் தட்டிவிட்டது. சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது இவருடைய இடது தொடையில் போய் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு சத்தம் நின்றது. அந்த அமைதியில் நான் கூப்பிடாத சாமி இல்லை.

கண்ணைத் திறந்தபோது இவர் நின்றுகொண்டுதான் இருந்தார். தொடையில் தோல் ஒரு முழத்துக்குக் கிழிந்து, வெள்ளை நார் கொத்துக் கொத்தாக வெளியே தொங்கியது. மீதி நார் மெஷினுக்குள். எல்லாரும் ஓடிப் போய்க் கவசத்தை அவிழ்த்தோம். ரத்தத்தைத் தேடினேன். அடியில் இருந்த லுங்கியில் ஒரு நூல்கூட அறுபடவில்லை!

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த இடத்தில் எனக்கு ஆடத் தெரிந்திருந்தால் ஆடியிருப்பேன். இவர் அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்து, இரண்டு தொடையையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, மிசின்ல நாரப் பிடுங்கவே நேரமாவும். அதுக்குள்ள இந்தக் கிழிசலத் தச்சுத் தந்திருவியா?"

"இதத் தொட விடமாட்டேன். உங்களுக்குப் புதுசு தாறேன். இது எனக்கு" என்றேன்.

ஒட்டகம் என்று கேலி செய்த மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். "மதினி, எனக்கும் ரெண்டு காலு இருக்குல்லா?"

என் புதுத் தையல் வந்து சேரும்வரை ரம்பத்தை யாரும் தொடவில்லை. அன்றைக்குக் கோடாலியால் வெட்டித்தான் கேட்டைத் திறந்து விட்டார்கள். அந்த வாரமே நாலு பேருக்கும் கவசம் தயார். தொப்பியும், வெல்டிங் கடைக் கண்ணாடியும், பூட்ஸும் தேடித் தேடி வாங்கினார்கள். காட்கோபர் பக்கம் மரம் வெட்டுகிறவர்கள்கூட ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். கடைசியில், பம்பாய் வெயிலில், குளிரே இல்லாமல், நாலு பேரும் மெஷினில் ஒட்டியிருந்த படத்து ஆள் மாதிரியே நின்றார்கள்.

அந்தக் கிழிந்த தோலை இன்னும் வைத்திருக்கிறேன். எத்தனையோ அழகான பைகள் தைத்திருக்கிறேன், ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. ஆனால் சாயங்காலம் மாடிப்படியில் இவருடைய இரண்டு செருப்பும் மாறி மாறிச் சத்தம் போட்டு ஏறி வரும்போதெல்லாம், அன்றைக்கு அந்த மரத்தின் மேல் போய் உட்கார்ந்தேனே என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொள்கிறேன்.