படத்தில் வராத பொம்மை

1978-ல் ஷார்ஜாவில் கார் வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகளுக்கு இடம் முன்சீட்டில், அம்மா மடியில். ஜெயபாரதியும் நான்கு வயது தாமரையை அப்படித்தான் வைத்துக்கொள்வாள். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் அவள்.

கணவர் சீதாராமன், கார் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். காரில் பொருத்தும் குழந்தை இருக்கைகளையும் விற்கலாம் என்று கம்பெனி யோசித்தது. மோதலில் குழந்தைக்கு என்ன ஆகும் என்று படமெடுத்துக் காட்ட ஒரு பொம்மை வேண்டும். கடைப் பொம்மை உதவாது. எடையும் மூட்டுகளும் குழந்தைக்கு உள்ளபடி இருக்க வேண்டும்.

"நீ தைச்சுக் குடுப்பியா, பாரதி?" என்று கேட்டார்.

தாமரையைப் பலகையில் படுக்கவைத்து, பலகையின் ஒரு முனையைத் தராசில் ஏற்றி, உடம்பின் பாரம் எங்கே கூடுகிறது என்று இருவரும் பார்த்தார்கள். அவள் சிரித்துச் சிரித்துப் புரண்டதில் திரும்பத் திரும்பப் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

"சின்னப் பிள்ளைக்குத் தலைதான் பாரம். கழுத்து அதைத் தாங்காது. கழுத்துக்குள்ள நீங்க வைக்கிற கம்பி ரொம்ப விறைப்பா இருக்கு" என்றாள் ஜெயபாரதி. அவர் கம்பியை மாற்றினார். கான்வாஸ் துணிக்குள் மணலும் மரத்தூளும் அடைத்து அவள் தைத்து முடித்தாள். அந்த நாட்களில் பேசியதுபோல் அவர்கள் அதற்கு முன் பேசிக்கொண்டதில்லை.

கம்பெனி யார்டில் பழைய கார்களைச் சரிவில் உருட்டிச் சுவரில் மோதவிட்டுப் படம்பிடித்தார்கள். முதல் காரில், குழந்தை இருக்கையில் வாரால் கட்டியிருந்த பொம்மை குலுங்கி அப்படியே நின்றது. இரண்டாவது காரில், அம்மாவுக்குப் பதிலாக முன்சீட்டில் உட்காரவைத்த ஆள் உயர மணல் மூட்டையின் மடியில் அதை வைத்தார்கள். அது முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பானெட்டில் விழுந்தது. தாமரையின் பழைய கவுனைத்தான் அதற்குப் போட்டுவிட்டிருந்தாள். ஜெயபாரதி ஓடிப்போய் அதைத் தூக்கினாள்.

"இதை எல்லா அம்மாவும் பாக்கணும்" என்றாள்.

"கண்டிப்பா" என்றார் சீதாராமன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழர் கூட்டத்தில் படம் போட்டார்கள். பார்த்தால் பயந்துபோவீர்கள் என்று சொல்லித் தெரிந்தவர்களையெல்லாம் ஜெயபாரதியே அழைத்திருந்தாள். திரையில் கார் வந்தது, மோதியது, கூரை நசுங்காமல் நின்றது. அடுத்து, மடியில் குழந்தையோடு ஒரு பெண் கடற்கரைச் சாலையில் சிரித்துக்கொண்டு போனாள். விளக்கைப் போட்டுவிட்டார்கள். பொம்மை வரவேயில்லை.

"இதுக்கா அவ்வளவு பயமுறுத்தின?" என்றாள் பக்கத்து ஃபிளாட் பத்மா. "வண்டி கல்லு மாதிரி நிக்குதே."

ஜெயபாரதி எழுந்தாள். "பாதிப் படம்தான் காட்டியிருக்காங்க. மடியில வெச்ச பொம்மை வெளிய வந்து விழுந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

எல்லோரும் சீதாராமனைப் பார்த்தார்கள். அவர் புன்னகைத்தார். "அவ கொஞ்சம் பயந்த சுபாவம்."

சிலர் சிரித்தார்கள்.

காரில் அவள் தாமரையோடு பின்சீட்டில் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "வெட்டினது உங்களுக்குத் தெரியுமா?"

"இருக்கை வரவழைக்கிறது கட்டுபடியாகாதுன்னு மேனேஜர் கைவிட்டுட்டார். அப்புறம் அந்தக் காட்சியைக் காட்டினா வண்டியை யார் வாங்குவா? எங்க வெட்டணும்னு நான்தான் சொன்னேன். என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம், பாரதி."

"வெட்டினதைக்கூட விடுங்க. அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்யாக்கிட்டீங்களே."

அவர் கார் சாவியை ஆணியில் மாட்டினார்.

பிறகு ஜெயபாரதி வீடு வீடாகப் போய், யார்டில் பார்த்ததைச் சொன்னாள். சிலர் குழந்தைகளைப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள். பத்மா அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள். சீதாராமனின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. மேலும் சில வருஷங்கள் ஷார்ஜாவில்தான் இருந்தார்கள். அவர் ஆபீஸ் விஷயம் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் ஜெயபாரதி "அப்படியா" என்பாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டாள்.