உச்சியில் விரிக்கக் கொண்டுபோன பதாகை

என் மனைவி வாணி காலமான நாளிலிருந்து முருகனோடு நான் கோபம். சின்னப் பிள்ளைகள் கோபம் போடுவார்களே, அப்படி. ஒரு சொல் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவ்வளவு கெஞ்சினேன், கேட்கவில்லை. சரி, நீ உன் பாட்டைப் பார், நான் என் பாட்டைப் பார்க்கிறேன் என்று விட்டுவிட்டேன். புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருக்கும் ரூஜ் பகுதியில், எங்கள் வீட்டுச் சாமியறையில் மகள் அபிதான் விளக்கேற்றுவாள். நான் எட்டியும் பார்ப்பதில்லை.

வீட்டில் நானும் அவளும் மட்டும். சாப்பிடுவோம், சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவோம், ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவோம். செத்த வீடு முடியவே இல்லை. ஒருநாள் அவள் கேட்டாள்: "அப்பா, மொன் பிளாங் ஏறப் போறன். என்னோடை வாறீங்களோ?" அவள் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே மலையேறுகிறவள். நானோ ஐம்பதைத் தாண்டியவன். ஐரோப்பாவின் அந்தப் பெரிய பனிமலை எங்கே, நான் எங்கே! ஆனாலும் பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டதே பெரிய விஷயம். ஓம் என்றேன்.

ஒரு குளிர்காலம் முழுவதும் பயிற்சி. முள்ளுச் சப்பாத்துப் போட்டுப் பனியில் நடக்கவும் கயிற்றில் இறங்கவும் அபி பழக்கினாள். மற்ற நாட்களில் சென் ஜேம்ஸ் ரவுணில் நண்பன் ஒருவன் இருக்கும் மாடிக் கட்டடத்தில், முதுகுப் பைக்குள் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு படியேறுவேன். எதிரே வந்த ஒரு அன்ரி, "ஐயோ தம்பி, இண்டைக்கும் லிஃப்ட் பழுதோ?" என்று இரங்கினார். உண்மையைச் சொன்னால் நம்பவா போகிறார்? "ஓம் அன்ரி" என்றுவிட்டு ஏறினேன்.

கதை பரவினால் எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? மலையில் கால் வைக்க முதலே பார்ட்டி ஹோலில் விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊர்ச் சங்கம் ஒரு பதாகை தந்தது, பழைய மாணவர் சங்கம் இன்னொன்று தந்தது. இரண்டும் கட்டில் விரிப்பளவு தடித்த பிளாஸ்டிக். இரண்டிலும் பல்லெல்லாம் தெரிய என் படம். "அண்ணை, உச்சியிலை நிண்டு உந்தப் பதாகையை விரிச்சு ஒரு படம் எடுங்கோ. எங்கடை சங்கத்தின்ரை பேர் வடிவாத் தெரியவேணும்" என்றார் ஊர்ச் சங்கத் தலைவர். மற்றச் சங்கத்தின் தலைவர் என் காதுக்குள் வந்து, "முதல் எங்கடையை விரி மச்சான்" என்றார்.

மலையடிவாரத்தில் அபி என் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? உது என்ன பாரம்! விட்டிட்டு வாங்கோ." அவள் சொன்னது சரிதான். ஆனால் மலைக்குத் தப்பினாலும் சங்கத்துக்குத் தப்ப முடியாதே. அவள் அங்கால் போன நேரம் இரண்டையும் சுருட்டிப் பைக்கு அடியில் திணித்தேன். பிறகு வழிநெடுக அந்தத் தலைவர்கள் இருவரையும் திட்டிக்கொண்டே ஏறினேன்.

அது ஜூன் மாதம். ஆனால் அந்த வருடம் மேலே குளிர்காலம் விட்டுப்போகவில்லை. முழங்கால் புதையப் புதுப் பனி. மலையேறுகிறவர்கள் தங்கும் கடைசிக் குடிலிலிருந்து நாங்கள் இருவரும் எங்கள் பிரெஞ்சு வழிகாட்டியும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு விடியப் புறப்பட்டோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து முகில் இறங்கியது, பின்னால் காற்று வந்தது. நீட்டிய கை தெரியவில்லை. வழிகாட்டி உடனே திரும்பச் சொன்னார். எங்கே திரும்ப? வந்த தடத்தைப் பனி மூடிவிட்டது. இரண்டு அடி பிசகினால் பனிப் பிளவுக்குள் போய்விடுவோம்.

நடுங்கிக்கொண்டிருந்த அபியின் நடுக்கம் நின்றது. நல்லது என்று நினைத்தேன். வழிகாட்டியின் முகம் மாறியது. உடம்பு விறைத்துப்போகிற நேரம்தான் நடுக்கம் அப்படி நிற்குமாம். "அப்பா, எனக்கு நித்திரை வருது" என்று அபி நாக்குழறச் சொன்னாள். இனி ஒரு அடியும் நகர முடியாது என்று அவர் பனியில் குழி வெட்டினார். ஆபத்து நேரத்தில் மூடிக்கொள்ளும் கூடாரத்துணியை வெளியில் எடுத்தார். காற்று அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயே போய்விட்டது.

அப்போதுதான் கத்தினேன். செபமும் இல்லை, தேவாரமும் இல்லை. சண்டைதான். "முருகா! வாணியை எடுத்திட்டாய். சரி, எடுத்திட்டாய். இவளை விட்டிடு! எனக்கு ஒண்டும் வேண்டாம். என்ரை பிள்ளைக்கு மேலை ஒரு கூரை தா!"

வழிகாட்டி என் பையைக் காட்டி, மூடுவதற்கு ஏதாவது, எதுவானாலும் இருக்கிறதா என்று கத்தினார். பையைத் தலைகீழாகக் கொட்டினேன். கடைசியாக விழுந்தவை அந்த இரண்டு சுருள்கள்.

ஒன்றைக் குழிக்குள் விரித்தோம். மற்றதைக் கூரையாக்கி, ஓர வளையங்களில் கயிறு கோத்துப் பனிக்கோடரிகளில் இறுக்கினோம். உள்ளே மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு இருந்தோம். அபியை என் மேற்சட்டைக்குள் அணைத்துக்கொண்டேன். வழிகாட்டி சுடு தண்ணீர்ப் போத்தலை அவள் வாயில் வைத்தார். முருகா, முருகா என்றபடியே இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அவள் மெல்லக் கண் திறந்தாள். அவளுக்கு நேர் மேலே என் படம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. "அப்பா... உங்கடை பல்லு" என்று சொல்லிச் சிரித்தாள். வாணி போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். விம்மி விம்மி அழுதேன்.

பின்னேரம் முகில் விலகியது. வெயில் மறைய முதல் குடிலுக்கு நடந்தே வந்தோம். உச்சியைத் தொடவில்லை. ஆனால் எங்கள் மூவரில் ஒருவருக்கும் குளிரில் ஒரு விரல் நுனிகூடப் போகவில்லை.

கிழிந்த பதாகையோடு ஊர்ச் சங்கத் தலைவரிடம் போய், படம் இல்லை என்றேன். "படம் கிடக்கட்டும் அண்ணை. பிள்ளை சுகமே?" என்றார் கண் கலங்க. பிறகு கேட்டார்: "அப்ப மேலை கிடந்தது எங்கடையோ, அவையின்ரையோ?" உங்களுடையதுதான் என்றேன். மற்றத் தலைவருக்கு என்ன சொன்னேன் என்று மட்டும் கேட்காதீர்கள். முருகன் மன்னிப்பான்.

நான் கத்திய பிறகுதான் அவன் கேட்டான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. நான் கோபத்தில் முகம் திருப்பிக்கொண்டு இருந்தபோதே, அந்தப் பார்ட்டி ஹோலில் வைத்தே, என் பிள்ளைக்கான கூரையை என் முதுகில் ஏற்றிவிட்டான். நானோ அதைச் சுமந்துகொண்டு திட்டினேன்.

வாணியை ஏன் எடுத்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது. இன்றும் கேட்கிறேன். ஆனால் இப்போது விளக்கை ஏற்றிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். சாப்பாட்டு மேசையில் அபியும் நானும் சாப்பிட்ட கோப்பை காயக் காயக் கதைக்கிறோம்.

இந்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்திருப்பவர்களிலும் அவனோடு கோபமாக இருப்பவர்கள் இருக்கலாம். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கோபத்தோடேயே கூப்பிடுங்கள். அவன் ரோசம் பார்க்கிறவன் இல்லை.