எண்பது அக்கா

டிஷ் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எண்பது அக்கா என்றால்தான் தெரியும். கையில் இருக்கும் மீட்டர் சிக்னலின் தரத்தை எண்பதுக்கு மேல் காட்டாதவரை அவள் மொட்டை மாடியைவிட்டு இறங்க மாட்டாள். மற்றவர்கள் அறுபது வந்தாலே 'படம் தெரியுதில்ல, விடு' என்று ஏணியை மடக்கிவிடுவார்கள். அறுபதில் இன்றைக்குப் படம் தெரியும். நாளைக்கு ஒரு தூறல் போட்டால் கட்டம் கட்டமாக உடையும். அப்போது திட்டு வாங்குவது யார் என்று கேட்பாள்.

வாங்கியவள் என்பதால்தான் அந்தக் கேள்வி. ஒன்பது வருஷம் அதே அலுவலகத்தில் புகார் வாங்கும் போனில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் உள்ள கோபமெல்லாம் அவள் காதில்தான் வந்து விழுந்தது. ஒருநாள், "ஆளை அனுப்பறேன், ஆளை அனுப்பறேன்னு சொல்றதுக்கு நானே போயிடறேன் சார்," என்று மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்தார். அவள் நகரவில்லை. ஆறு மாசம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பழையபடி போன்தான் என்று அரை மனசாக ஏணியைக் கொடுத்தார்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். "பார்த்து ஏறு," என்றதோடு சரி. வாய் நீண்டது அவனுடைய அக்காவுக்குத்தான். "போன்ல பேசறது கௌரவமா இருந்துச்சு. வீடு வீடா மாடியேறி நிக்கிறது நம்ம குடும்பத்துக்கு அடுக்குமா?" என்று சொந்தக்காரர் நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் சொன்னாள். 'என் தம்பி பொண்டாட்டி' என்று வாய் நிறையச் சொன்னவள், அதற்கப்புறம் வெறும் 'அவ' என்று நிறுத்திக்கொண்டாள்.

ஆறு மாசம் முடிய இரண்டு நாள் இருந்தபோது அந்த நாத்தனார் வீட்டிலிருந்தே புகார் வந்தது. ஒரே மாசத்தில் நாலாவது புகார். முதல் மூன்றுக்கும் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்கள் போயிருந்தார்கள். ஒருவர் கேபிளை மாற்றினார். ஒருவர் டிஷ்ஷைத் திருப்பி முடுக்கினார். மூன்றாமவர் எல்.என்.பி.யையே புதிதாகப் போட்டார். டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருளை அது; வானத்திலிருந்து வருவதை வாங்கிக் கீழே அனுப்புவது அதுதான். மூன்று பேர் போனபோதும் மீட்டர் எண்பத்தைந்து காட்டியது. மறுநாள் காலையில் படம் உடைந்தது.

"இது உன்னால ஆச்சுன்னா ஏணி உனக்கு. ஆகலைன்னா திங்கக்கிழமையிலேருந்து போன்," என்றார் மேனேஜர்.

அவள் மீட்டரைப் பையில் வைத்தாள். எந்த வீட்டில் வேண்டுமானாலும் தோற்கலாம், போயும் போயும் அந்த வீட்டிலா?

வழக்கப்படி முன்கூட்டியே போன் செய்து, ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாத்தனார் கதவைத் திறந்து, "வா," என்றாள். ஓர் எழுத்துக்கு மேல் செலவழிக்கவில்லை.

அந்த வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. நாத்தனார் தையல் வேலை செய்பவள். கை சும்மா இருக்காது. சோபாவுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட உறை. வெளியாள் வரும்போது மட்டும் எல்லாவற்றையும் கழற்றி மடித்து வைத்துவிடுவாள். வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருப்பதைப் பார்த்து வந்தவர்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டும். அன்றைக்கு எதையும் கழற்றியிருக்கவில்லை. உறையோடு கிடந்த சோபாவைப் பார்த்ததும் எண்பது அக்காவுக்குச் சுருக்கென்றது. நமக்கு மரியாதை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறந்தாள். தரம் முப்பத்தொன்று. பெட்டிக்குப் பின்னால் கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தாள். துரு இல்லை, ஈரம் இல்லை. மூன்று பேர் வந்தபோது ஒளிந்துகொண்ட கோளாறு, இன்றைக்கு மட்டும் எப்படிக் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது?

"அண்ணி, எங்க ஆளுங்க வர்ற அன்னைக்கு மாடியில எதையாச்சும் எடுத்து வைப்பீங்களா?"

"நான் எதைத் தொடப்போறேன்? டிஷ் பாக்குற வேலைக்கு நானா போறேன்?"

பதில் சொன்னால் சண்டை வரும். மீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

எல்.என்.பி. உறை போட்டுக்கொண்டு நின்றது. பூப்போட்ட கெட்டித் துணி, உள்ளே பஞ்சு, கழுத்தில் சுருக்குக் கயிறு, போதாததற்கு நுனியில் ஒரு குஞ்சம். பனியில் ஊறிக் கனத்துப் போயிருந்தது. கழற்றிப் பிழிந்தாள், தண்ணீர் ஒழுகியது. மீட்டர் விறுவிறுவென்று ஏறி எண்பத்தாறில் நின்றது.

பின்னாலேயே நாத்தனாரும் வந்திருந்தாள்.

"இதை எப்ப போட்டீங்க அண்ணி?"

"ஒரு மாசம் இருக்கும். காக்கா அசிங்கம் பண்ணி வெச்சுது."

"எங்க ஆளுங்க வந்தப்ப இல்லையே?"

"கழட்டிடுவேன். வெளியாளு வரும்போது யாராவது உறையோட வெப்பாங்களா?"

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கு நீதானே வர்றே," என்றாள் நாத்தனார் எரிச்சலோடு. "உனக்கு எதுக்குக் கழட்டணும்? நீ என்ன வெளியாளா?"

எண்பது அக்கா பிழிந்த துணியையே இன்னொரு தடவை பிழிந்தாள்.

"ஈரத்துணி சிக்னலைக் குடிச்சிடும் அண்ணி. இதுக்கு மட்டும் உறை வேண்டாம். நானே அப்பப்ப வந்து துடைச்சு விடறேன்."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார். என்ன கோளாறு என்று கேட்டார்.

"மேல ஒரு தடுப்பு இருந்துச்சு சார். எடுத்தாச்சு," என்று எண்பது அக்கா பூசி மெழுகப் பார்த்தாள். நாத்தனார் போனைப் பிடுங்கினாள்.

"தடுப்பு என்ன தடுப்பு? துணி உறை. நான் தெச்சது. தப்பு என்னோடது, அப்படியே எழுதிக்கோங்க. ஆனா மூணு பேரை அனுப்பினீங்களே, ஒருத்தராவது எங்கிட்ட வாயைத் தொறந்து ஒரு கேள்வி கேட்டாங்களா? வந்ததும் கேட்டது இவ ஒருத்திதான். இவளைத் திரும்பப் போன்ல உக்கார வெப்பேன்னு சொன்னீங்களாமே? என் தம்பி சொன்னான். வெச்சுப் பாருங்க!"

மேனேஜர் ஏதோ இழுத்தார்.

"நான் யாரா? இவ எங்க வீட்டுப் பொண்ணு சார்."

அதற்கு மேல் அவர் என்ன பேசுவார்? ஏணி அவளுக்கே என்று சொல்லிப் போனை வைத்தார்.

நாத்தனாருக்கு வேகம் அடங்கவில்லை. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உங்க வீட்டுல டிவி நல்லாத் தெரியுதா? தெரியலைன்னா சொல்லுங்க, என் தம்பி பொண்டாட்டி இங்கதான் இருக்கா. மூணு ஆம்பளைங்க பாத்து ஆகாததை இப்பதான் ஒரு நிமிஷத்துல சரி பண்ணினா."

எண்பது அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அழுதுவிடுவோமோ என்று பயந்து, மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து மாடிக்காரி, "கொஞ்சம் உடையுதுங்க," என்றாள்.

"இதோ வர்றா," என்றாள் நாத்தனார். ஏணியின் ஒரு முனையை அவளே தூக்கினாள்.